பின்னால் நின்று சொன்னவள்

1972, ஆனி 20

மாரியம்மன் கோயிலடியில் இன்றைக்கு இருந்தவர்கள்: சங்கத்து வீரையன், ரெங்கம்மாள், காத்தாயி, ராசம்மாள், நான். ஒருத்தர் முகமும் மறக்காது.

குடிமனைப் பட்டாவுக்காகத் தாசில்தார் தெருவுக்கு வருகிறாராம். யார் குடிசை எந்த வருசம் போட்டது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மனை மிராசுதாரோடு போய்விடும்.

"முன்னால நின்னு பேச ஒரு ஆளு வேணும்" என்றார் வீரையன்.

தெரு முழுக்க வருசத்தோடு தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறப்பதற்குள் காத்தாயி என்னைக் காட்டிச் சொல்கிறாள்: "நடவுல மொத நாத்தையே தாலி இருக்கிறவ கையாலதான் வைக்கிறோம். எல்லம்மா அத்தைய முன்னால நிறுத்துனா வெளங்குமா?"

ராசம்மாளைப் பிடித்தார்கள். புருசன், மூன்று மகன், ரூபாய் அகலப் பொட்டு. வருசம் ஒன்றும் தெரியாது. நான் பின்னால் நின்று அவள் காதில் சொல்ல வேண்டுமாம்.

காத்தாயி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தது இந்தக் கை. அப்போதும் நான் தாலி இல்லாதவள்தான்.

ஆனி 27

ராசம்மாள் முதல் நாற்று வைத்தாள். கோணல்.

ஆடி 6

தாசில்தார் வந்தார். நான் காதில் சொல்லச் சொல்ல ராசம்மாள் கணீரென்று சொன்னாள். "நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்கம்மா" என்றார் — அவளிடம்!

கடைசியில் ஒரு பூட்டின குடிசை. காத்தாயி பேராவூரணிக்குத் தேங்காய் உரிக்கப் போயிருக்கிறாள்.

"காத்தாயிதுங்க... வருசம்..." ராசம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

ஐம்பத்திரண்டு புயலுக்கு மறுவாரம் காத்தாயியின் அப்பன் போட்டது. மூங்கில் பிடித்தவள் நான்.

சொல்லவில்லை.

அந்தக் குடிசையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஆடி 9

காத்தாயி வந்து தெருவில் விழுந்து அழுதாள். ராசம்மாள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நின்றேன். ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

"நாந்தாண்டி தப்பு பண்ணிட்டேன். எல்லம்மாக்கா சொல்லிச்சு, எனக்குத்தான் வாயில வரல."

"என்ன மனசு பாரு ராசம்மாவுக்கு!" என்று ரெங்கம்மாள் உருகுகிறாள்.

நான் செய்த அநியாயம்கூட அவளுக்குத்தான் பேர் வாங்கிக் கொடுக்குமா?

ஆடி 10

காத்தாயி குடிசை மூங்கிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆடி 12

யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வெறும் நெற்றியோடு தாசில்தார் மேசைக்கு நேர் முன்னால் நின்று எல்லாம் சொன்னேன். புயல், மறுவாரம், மூங்கில்.

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"அன்னைக்கி என்னைப் பின்னால நிறுத்தியிருந்தாங்க."

எழுதிக்கொண்டார்.

ஆவணி 3

காத்தாயிக்கும் பட்டா வந்துவிட்டது. ராசம்மாள் ராசியாம். தெருவே அவளுக்குக் குங்குமம் வைக்கிறது.

"எல்லம்மாக்கா போய்ச் சொல்லித்தான் வந்துச்சு" என்றாள் அவள், ஆபீசில் கேட்டு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி.

"பாத்தியா, எவ்வளவு தன்மை!" என்கிறார்கள். அவளைத்தான்.

காத்தாயி நான் கொடி அறுத்த பிள்ளை, போகட்டும். ரெங்கம்மாளையும் விட்டுவிட்டேன். சாகிறவரைக்கும் மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான் — ராசம்மாள்.