நித்யாவின் மூன்று குப்பிகள்

மார்ச் 4, 1986. ஜெர்சி சிட்டி

இன்றும் டேகேரிலிருந்து ஆபீசுக்கு போன். நித்யாவுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு, உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று. மூன்று வாரமாக இதே கதை. மூன்று வயதுக் குழந்தை நான்கு பவுண்டு இளைத்துவிட்டாள். டாக்டர் மூன்று குப்பிகள் கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மலம் எடுத்து, உள்ளிருக்கும் மருந்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும். பூச்சி இருந்தாலும் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாதாம். ரிசல்ட் இல்லாமல் டேகேரில் சேர்க்கமாட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜனவரி கடைசியில் இவருடைய அக்கா விசாலாக்ஷி மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினாள். பிப்ரவரியில் குழந்தை படுத்தாள். வேறென்ன? இப்போது அவளிடமே குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும். என் தலையெழுத்து.

மார்ச் 6

டாய்லெட்டில் பிளாஸ்டிக் தாள் விரித்து முதல் குப்பி. சீ.

மார்ச் 13

லேப் மூன்றையும் தள்ளிவிட்டது. எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றனவாம், மைக்ரோஸ்கோப்பில் எதுவும் பார்க்க முடியவில்லையாம். எண்ணெயா?

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்கா அசரவே இல்லை. "நான்தான் விளக்கெண்ணெய் குடுத்தேன். வயித்த சுத்தம் பண்ணாம, அழுக்கையா டெஸ்டுக்கு அனுப்புவா?"

அழுக்கைத்தானே கேட்டார்கள்!

இனி பத்து நாள் பொறுத்துத்தான் மறுபடி எடுக்க முடியும். இந்த முறை வீட்டில் எல்லோரும் கொடுக்க வேண்டுமாம். எனக்கு எதற்கு? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

மார்ச் 14

கத்திவிட்டேன். "வியாதியும் நீங்க கொண்டுவந்தது, டெஸ்டையும் நீங்களே கெடுத்தாச்சு. குழந்தை இன்னும் பத்து நாள் வதங்கணும், சந்தோஷமா?"

இவர், "காமாக்ஷி, மெதுவா பேசேன்" என்றார். மெதுவா! ஏன் மெதுவா பேசணும்? இவரோட அக்கான்னா நான் வாயை மூடிக்கணுமா?

அவளுடைய தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மார்ச் 29

அக்கா தன் மூன்று குப்பிகளையும் துடைத்து, பேர் எழுதி, காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும். நான் சம்பளமில்லாத லீவில்.

ஏப்ரல் 3

ரிசல்ட் வந்தது. நித்யாவுக்கு ஜியார்டியா என்ற கிருமி. எனக்கும். இவருக்கு இல்லை. விசாலாக்ஷிக்கு மூன்று குப்பியிலும் ஒன்றுமில்லை.

டேகேரில் குழந்தைக்குக் குழந்தை ஒட்டுவதுதான், அங்கே இன்னும் ஐந்து பேருக்கு இருக்கிறது என்கிறார் டாக்டர். மருந்தில் சரியாகிவிடுமாம்.

மத்தியானம் எடிசனிலிருந்து போன். "குழந்தை எப்படி இருக்கா? என்கிட்டேர்ந்துதான் வந்துதா? சொல்லிடும்மா, மனசு அடிச்சுக்கறது."

ரிசல்ட் காகிதம் கையில்தான் இருந்தது.

"இன்னும் ரிசல்ட் வரலை" என்றேன்.