பேனலில் இருப்பது என் நம்பர்

ஏனுங்க மாமா,

நீங்கள் தொடக்கூடாதென்று சொன்ன மிஷினைத் தொட்டுவிட்டேன். தொட்டதோடு நிற்கவில்லை, பேனலில் உள்ள நம்பர்களையும் மாற்றிவிட்டேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள் பார்க்கலாம்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. மலைமேல் வாழவந்தி நாட்டு ரோட்டோரம் நம் பட்டறை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நாலு பேர் தூக்கவேண்டிய பழைய வெல்டிங் மிஷினைக் கொடுத்துவிட்டு, இந்த டிஜிட்டல் மிஷினை நாமக்கல்லில் இருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? அத்தனை கொண்டையூசி வளைவிலும் அதை இறக்கவில்லையாம். கண்டக்டர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கல்யாணமான நாளில் இருந்து உங்களோடு பைப் அறுத்தவள் நான். பற்றவைத்த இடத்தில் கசடு தட்டினேன், நீங்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் பழைய மிஷினில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பற்றவைத்தேன். ஆனால் புதுசின் பேனல் பக்கம் மட்டும் என்னை விடவில்லை. துண்டு போட்டு மூடிவைத்தீர்கள்.

"அதுல கைய வெக்காத கண்ணு, நம்பரு கலைஞ்சுரும்" என்பீர்கள். நீங்கள் போன பிறகும் அதைத் தொடாமல், பைப் அறுத்தும் சாணை பிடித்தும்தான் பட்டறையை ஓட்டினேன்.

கலைத்தது நான் இல்லை மாமா. உங்கள் தம்பி சின்னராசு. அதுவும் பக்தியால்.

ஆயுத பூஜைக்கு வந்தவன், அண்ணன் இல்லாத குறை தெரியக்கூடாதென்று சந்தனத்தைக் குழைத்து பேனலின் குறுக்கே மூன்று பட்டை போட்டு நடுவில் குங்குமமும் வைத்தான். பழைய மிஷினுக்கு அப்படித்தானே வைப்போம்? அது இரும்புப் பெட்டி, தாங்கியது. இதற்குப் பொத்தான் இருக்கிறது, திருகு இருக்கிறது, இடுக்கு இருக்கிறது. பூஜை போட்ட மிஷினை மறுநாள்வரை தொடக்கூடாதென்ற வழக்கம் வேறு. சந்தனம் இறங்கி உள்ளே காய்ந்துவிட்டது. காலையில் முதல்முறையாக நானே சுவிட்சைப் போட்டால் பொத்தான் அமுங்கியபடியே கிடக்கிறது, நம்பர் தன் பாட்டுக்கு ஓடுகிறது. வளப்பூர் நாட்டு மிளகுக்காரர் கொடியேறிப் பறிக்கக் கேட்டிருந்த ஏணியின் பைப்பில் வெல்டிங் ராடு வைத்தேன். தொட்ட இடமெல்லாம் ஓட்டை.

"விடுங்கண்ணி. அண்ணனோட கையும் போச்சு, மிஷினும் போச்சு" என்றான் சின்னராசு. "ராசிபுரத்துல லாரி பாடி கட்டறவரு வெள்ளிக்கெழம வர்றேங்கறாரு. வந்த வெலைக்குக் குடுத்துரலாமுங்க."

"வெள்ளிக்கெழம வரைக்கும் என்ர பட்டறையில ஒருத்தரும் காலு வெக்கக் கூடாது. நீயுந்தான்" என்றேன்.

மிஷின் போனால் பட்டறை போச்சு. அப்புறம் நான் அடுத்தவர் காட்டில் மரவள்ளி பிடுங்கப் போகவேண்டியதுதான். அது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் இது, இதை எதற்கு விடவேண்டும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். அரை நாள் போனது. பொத்தான் 'டிக்'கென்று மேலே வந்தது. ஆனால் பற்றவைத்தால் மறுபடியும் ஓட்டைதான் விழுந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மிஷின் வாங்கிய கடையின் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"ரொம்ப நேரம் அமுங்கிக் கெடந்தா பழசெல்லாம் அழிஞ்சுருமுங்க அக்கா. கம்பெனி வெச்சது மட்டுந்தான் இருக்கும். அண்ணன் என்ன நம்பரு வெச்சிருந்தாருங்க?"

எனக்கு என்ன தெரியும்? பூத்திலேயே அழுதேன். நீங்கள் இருந்த சுவடு ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது, அதுவும் அழிந்துபோயிற்று. வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை போய் ஆத்திரம் வந்தது. ஏன் மாமா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை? நான் கலைத்துவிடுவேன் என்று பயமா? இல்லை, அந்தப் பொத்தானைக் கண்டால் உங்களுக்கே பயமா?

பதில் வராதென்று தெரிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். துண்டு பைப்புகளைக் குவித்துக்கொண்டேன். கரண்ட் அளவுக்கு ஒரு நம்பர் வைப்பது, ஒரு துண்டில் பற்றவைப்பது, சுத்தியலால் அடித்துப் பார்ப்பது, சுவரில் சாக்பீஸால் எழுதுவது. எண்பதில் ஓட்டை. ஐம்பதில் ராடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அறுபத்திரண்டில் அழகாக ஓடியது, ஆனால் ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் பொத்தல். ராடு சட்டென்று பிடிக்க மிஷின் முதலில் கொஞ்சம் சூடு கூட்டிக் கொடுக்குமாம், மெக்கானிக் போனில் சொன்னது. அதற்குத் தனி நம்பர். அதைக் குறைத்தேன். பொத்தல் நின்றது.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. நீங்கள் ராடை விறுவிறுவென்று இழுப்பீர்கள், எனக்கு நிதானமான கை. உங்கள் நம்பரே கிடைத்திருந்தாலும் என் கைக்கு ஓட்டைதான் விழுந்திருக்கும். இது தெரிந்ததும் பட்டறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சேமிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டியது.

வெள்ளிக்கிழமை ராசிபுரத்துக்காரரோடு சின்னராசு வந்தான். ஓட்டைகளை அடைத்து முடித்த ஏணியைப் பலாமரத்தில் சாய்த்து வைத்திருந்தேன். வந்தவர் ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்தார். சின்னராசுதான், "பாக்க நல்லாத்தான் இருக்குது. பாரந் தாங்குமாங்கண்ணி?" என்றான்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உச்சிவரை ஏறினேன். ஒவ்வொரு படியிலும் குதித்துக் காட்டினேன். இறங்கி, "இப்ப நீ ஏறு சாமி" என்றேன். உங்கள் தம்பியின் உடம்பு உங்களுக்குத் தெரியும். திருதிருவென்று விழித்தான், ஆனாலும் ஏறினான். ஒரு படி முனகவில்லை.

"மிஷினு ஓடுதுன்னா இன்னும் சேத்தியே தர்றேனுங்க" என்றார் ராசிபுரத்துக்காரர்.

"இது விக்கறதுக்கில்லீங்க. மலையேறி வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சின்னராசுவை அண்ணாந்து பார்த்தார். அவன் உச்சிப் படியைக் கட்டிப்பிடித்தபடி, "அண்ணி சொன்னாச் செரிதானுங்க" என்றான்.

மாமா, ஒரு வாக்கு கொடுக்கிறேன். அழிந்த நம்பர்களுக்காக இனி அழமாட்டேன். உங்களுக்காக அழுவேன், அது வேறு. ஆனால் அழுதுகொண்டேகூட பட்டறையைத் திறப்பேன். யார் வந்து எங்கே அந்த வெல்டிங்காரர் என்று கேட்டாலும், நான்தான் என்று சொல்வேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத பெண்டாட்டி,
பாப்பாத்தி