பிடுங்காத கடைவாய்ப்பல்

பெரியாஸ்பத்திரி,
செவ்வாய் காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

வனிதா எழுதுவது. சூரத்தில் ரயில் ஏறியதிலிருந்து இருபது தடவை கூப்பிட்டுவிட்டீர்கள். எனக்கு வாய் ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, எப்படிப் பேச? இனிக் கூப்பிடாதீர்கள். நர்ஸ் ஜரினா இந்தத் தாளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள். பாதியில் குதிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை மிளகாய்ப்பழம் பறித்துவிட்டு வரும்போதே இடது தாடை வீங்கியிருந்தது. அத்தை பார்த்ததும், "ஏட்டி, இது பொன்னுக்கு வீங்கில்லா" என்றார்கள். தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்கள். நம் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதானே. பொன் கழுத்தில் கிடக்கும்போது ஊசி மருந்து கூடாது, மூன்று நாளில் வடிந்துவிடும் என்று தனியாகப் படுக்க வைத்தார்கள். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினார்கள். பெற்ற தாய்கூட அப்படிப் பார்க்கமாட்டாள்.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாய் கட்டிக்கொண்டது. நேற்று எச்சில்கூட இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். தடுப்பூசிக்குப் பிள்ளைகள் பெயர் எழுத வந்த ஜரினா என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "யக்கா, எச்சில முழுங்குங்க பாப்போம்" என்றாள். முடியவில்லை. தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தாள், கல் மாதிரி இருந்ததாம். "இது அது இல்ல. பல்லுல சீழ் வச்சுக் கழுத்துக்கு இறங்குது. காய்ச்சலோட வாய் தொறக்கலன்னா அன்னைக்கே வந்திருக்கணும், முழுங்க முடியலன்னா ஒரு மணி நேரங்கூட வீட்ல வைக்கக் கூடாது" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கோவில்பட்டியில் குளுக்கோஸ் ஏற்றி இங்கே அனுப்பினார்கள். அவளும் கூடவே வந்தாள். அவள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கவேண்டும்.

அத்தைமேல் நீங்கள் போனில் ஆடின ஆட்டம் வார்டு முழுக்கக் கேட்டது. "எம் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியே, நான் வரும்போது நீ வீட்ல இருக்கக் கூடாது, இனி அவ விசயத்துல நீ எதையும் தொடாத" என்றீர்களே! நாக்கா அது?

கேளுங்கள். தை மாதம் அந்தக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா, பொய். பல் டாக்டர் ஊசியை எடுத்ததுமே இறங்கி ஓடி வந்துவிட்டேன். அதன் பிறகு குழியில் கிராம்பை வைத்து அடைத்துக்கொண்டு திரிந்தேன். வீங்கியபோது பல்தான் என்று எனக்குத் தெரியும். அத்தை பொன்னுக்கு வீங்கி என்றதும், அப்பாடா, பிடுங்க வேண்டாம் என்று சந்தோசமாகக் கழுத்தை நீட்டினேன். அவர்களுக்குப் பல் விசயமே தெரியாது. முட்டாள் நான்தான், அத்தான். பிள்ளை பெற்றவள் ஒரு ஊசிக்குப் பயந்தேன்.

இப்போது விசயம் இதுதான். தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுக்கவேண்டும், மூச்சு அடைத்தால் தொண்டையில் குழாய் போடவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூட இருக்கிற சொந்தக்காரர் ஒருவரும் போடவேண்டுமாம். அத்தை போடமாட்டேன் என்கிறார்கள். "எம் மவன் தொடாதன்னு சொல்லிட்டான், எங் கை பட்டாலே வெளங்காது" என்று பேனாவை வாங்காமல் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. ஜரினா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். நான் கும்பிட்டும் பார்த்துவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நீங்கள் வந்து சேர நாளை ராத்திரி ஆகும். அதுவரைக்கும் என் கழுத்து தாங்காது. இதை எழுதுவதற்குள்ளேயே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டேன். பயமாக இருக்கிறது, அத்தான்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், வந்து நேரில் வையுங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். இப்போது, இதை வாசித்த கையோடு, அத்தைக்குப் போன் போடுங்கள். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். "யம்மா, கையெழுத்துப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
வனிதா