கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

ஜூன் 3, செவ்வாய்
காது கேட்கும் கருவி விற்கிற கடையில் நாளெல்லாம் "இப்போ கேக்குதா, இப்போ கேக்குதா" என்று கேட்டுத் தொண்டை வற்றிவிட்டது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து போனில் கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறோம். "வரட்டுமா" என்று அவரும் கேட்பதில்லை, "வாங்க" என்று நானும் சொல்வதில்லை. யார் முதலில் இறங்கி வருவது?

ஜூன் 6, வெள்ளி
ஞாயிறு மதியம் ஃபிலிம் கிளப்பில் அந்தப் பழைய திகில் படம் — வெட்டே இல்லாத முழுப் பிரதி! கல்யாணமான புதிதில் நானும் அவரும் அங்கேதான் பார்த்தோம். பிறகு வெளியே வந்ததெல்லாம் சென்சார் கத்தரி போட்டது. கொலை நடக்கிற அந்த அறைக் காட்சியே இருக்காது.

பார்த்தோம் என்பதும் பொய்தான். அந்தக் காட்சி முழுக்க நான் கண்ணை இறுக்க மூடியிருந்தேன். "இன்னும் முடியல, தொறக்காத" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய சூரப்புலி.

ஜூன் 8, ஞாயிறு
தனியாகத்தான் போனேன். பக்கத்து இருக்கையில் என் பை. அறைக் காட்சி வந்ததும் பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி இழுபடுகிறது. குழாய் சொட்டுகிறது. யாரோ மூச்சை அடக்குகிறார்கள். காத்திருந்தேன் — முடிந்தது என்று யார் சொல்வார்கள்? திறந்துவிட்டேன்.

திரையில் ஒரு சாத்திய கதவு. அவ்வளவுதான்! ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை. எடிட்டர் நினைத்திருந்தால் அறைக்குள் தாவியிருக்கலாம். தாவாமல் நம்மைக் கதவிலேயே நிறுத்திவைக்கிறார். உள்ளே நடப்பதைக் காதுதான் பார்க்கிறது. பிறகு சட்டென்று வெயில் அடிக்கும் தெரு, குழந்தைகள் ஓடுகிறார்கள், ஆனால் அந்தக் குழாய் மட்டும் இன்னும் சொட்டுகிறது. பக்கத்து இருக்கையிலிருந்த பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றுமே காட்டாத காட்சியை ஏன் வெட்டினார்கள் என்று இப்போது புரிகிறது. படம் எடுத்தவர்கள் என்ன கெட்டிக்காரர்கள்!

இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோக ஓர் ஆள் பக்கத்தில் இல்லையே. யாரோ ஓர் ஆள் இல்லை. அவர்தான் வேண்டும்.

ஜூன் 9, திங்கள்
நானே போன் போட்டேன். "அந்த ரூம் சீன்ல ஒண்ணுமே இல்லைங்க, வெறும் கதவு! அன்னைக்கு ஏன் தொறக்காதன்னீங்க?"

அவர் மெல்ல, "நானும் கண்ண மூடிட்டுதான் இருந்தேன்."

"அப்புறம் எப்படி இன்னும் முடியலன்னு…"

"சத்தம் நிக்கலையே!"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அது எப்போது அழுகையானது, தெரியவில்லை. "என்னம்மா?" என்றார். சே, எனக்கு எதுக்கு இத்தனை வீம்பு? "வந்துடுங்க. நீங்க இல்லாம முடியல" என்று சொல்லியேவிட்டேன்.

"நீ கூப்பிடவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்
வேலையை என்ன செய்வது என்று நேரில் பேசிக்கொள்ளலாமாம். சனிக்கிழமை ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது?

ஜூன் 14, சனி
ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாகப் போனில் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, காலையிலேயே இந்த அமர்க்களம்? யார் வர்றாங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் வர்றார்க்கா."

அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இரண்டு தடவை சொன்னேன்.