கிணற்றைப் பார்க்கப் போனவர்

ஆவணி, ஞாயிறு, 2013

இன்று அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். சாப்பாட்டுப் பந்தியிலும் ஒரே அழுகை. மூவுலகையும் சிரிக்கவைக்கப் பிறந்த நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று கதையை எடுத்துவிட்டேன்.

ஒரகடத்தில் எங்கள் நிலத்தின் மேல் கம்பெனி வந்த பிறகு, அண்ணன் ஒருநாள் அதன் வாசல் கேட்டுக்குப் போனார். செக்யூரிட்டி நோட்டை நீட்டினான். யாரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டத்தில் அண்ணன் 'கிணறு' என்று எழுதினார். இதுவரை நிஜம். "கிணறு சார் எந்த லைன், எந்த ஷிப்டுன்னு மைக்குல கூப்ட்டு, ஆறாயிரம் பேர் வேலையை வுட்டுட்டுத் தேடினாங்க" என்பது என் கைங்கர்யம். பரிமாறினவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அண்ணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பிறகு கை கழுவும் இடத்தில் அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"சோக்கா சொன்ன தம்பி. நெலத்தைத் தரமாட்டேன்னு நின்னுகினு இருந்த மனுசனைக் கையெழுத்துப் போட வெச்சது யாரு? அதை ஏன் வுட்டுட்ட?"

நான் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன்.

மூடியைக் கழற்றிப் பேனாவை அண்ணன் கையில் கொடுத்தவன் நான்தான். இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.