பார்வைக்கு மட்டும் பனி

உன் ஜாய்ஸ்டிக்கை உன் மனைவி நேற்று சந்தைக்கு எடுத்துப்போகும் பசார் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். கைப்பிடியில் இன்னும் தைல வாசனை. பிறை ஊரில் ஆலை வேலை முடிந்து வந்து, மணிக்கட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கணினியில் விமானம் ஓட்டிய ஒரே ஆள் நீதான். 'தைல கேப்டன்' என்று உனக்குப் பேர் வைத்தவன் நான். நீ சிரித்தாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காததே அந்தச் சிரிப்புதான்.

ஞாயிறுதோறும் ஜெலுத்தோங்கில் என் ஃபிளாட்டில் கணினியில் விமானம் ஓட்ட நான்கு பேர் கூடுவோம். பனி மேகத்துக்குள் போனால் இறக்கையில் ஐஸ் படியும், வேகம் குறையும், விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி கடைசிவரை எல்லாம் சரி என்று காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும் என்று நான் வாய் கிழியப் பேசுவேன். கடையில் தின்னும் ஐஸ் கச்சாங் கிண்ணத்துக்கு வெளியே நீ ஐஸைப் பார்த்ததுண்டா என்று உன்னைச் சீண்டுவேன்.

ஒரு ஞாயிறு, என் கணினியிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாய். திரையில் கண்ணாடி முழுக்கப் பனி. மின்விசிறிக்கடியில் உன் சட்டை முழுக்க வியர்வை. தானியங்கியை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் ஓட்டி இறக்கினாய். உன் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பனி, 'பார்வைக்கு மட்டும்' என்றிருந்தது.

"கண்ணாடியில ஒட்டுனது வெறும் படம்டா. ரெக்கையில ஒண்ணுமே இல்ல," என்றேன்.

மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றுதான் நீ சிரிக்கவில்லை.

"நான் பயந்தது நெஜம்தான் லா," என்றாய். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்று மாதத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன்னைக் கவிழ்க்க நான் வேண்டுமென்றே மாற்றி வைத்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். உண்மை அதைவிடக் கேவலம். என் கணினியில் அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது. நிஜப் பனியில் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை.

பையைக் கொடுத்துவிட்டு உன் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"தெனமும் ஐஸ்ஸ முழுசா போட்டுட்டுத்தான் ஓட்டுனாரு அண்ணே. விழுந்துக்கிட்டே இருந்தாரு. போறதுக்கு முந்துன வாரம் எறக்கிட்டேன்னாரு. அண்ணனக் கூப்புடவான்னு கேட்டேன். வேணாம், அவன் நம்ப மாட்டான்னுட்டாரு."

நீ சொன்னது சரி. நம்பியிருக்க மாட்டேன்.

இன்று உன் ஜாய்ஸ்டிக்கை மாட்டி, பனியை முழுதாக இயக்கி, நீ ஓட்டிய அதே வழியில் கிளம்பினேன். ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் எனக்கே மறந்துபோனது. தானியங்கியை நம்பி உட்கார்ந்திருந்தேன். பதினோரு நிமிடத்தில் மலையில் விழுந்தேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி விழுந்தேன். கையெல்லாம் உன் தைலம். கழுவத் தோன்றவில்லை. சிரிப்பதற்கு நீயாவது இருந்திருக்கலாம்.