நாற்பது வாட்ஸ் வெளிச்சம்

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குள் கருகல் வாடை அடித்தது. அடுப்பில் ஒன்றுமில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே போய் உங்கள் மீன் தொட்டி முன்னால் நின்றேன். மேல்மூடிக்குள் இருக்கிற டியூப் லைட் சிமிட்டிச் சிமிட்டி அணைந்துபோயிருந்தது. மூடியைத் தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது.

பேரன் வெளியூர் வேலைக்குப் போகும்போது நம் தலையில் கட்டிவிட்டுப் போன தொட்டி. குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குத் தவம் கிடக்கிற அருப்புக்கோட்டையில் மீனுக்குத் தண்ணீர் ஒரு கேடா என்று நான் கத்தாத நாளில்லை. நீங்கள் காதில் போட்டுக்கொண்டால்தானே! சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொட்டிக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவீர்கள்.

இன்று காலையில் எலக்ட்ரீசியன் மாரியப்பன் வந்தான். என்னிடம் அஞ்சாவது படித்தவன். மூடியைக் கழற்றி, உள்ளே டியூப்புக்குக் கரண்டை அளந்து விடுகிற சோக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன டீச்சரம்மா, இந்த ரெண்டடி டியூப்புக்கு யாரு நாப்பது வாட்ஸ் சோக்கு மாட்டுனது? இருபதுதானே போடணும்!"

"அவுகதான் மாட்டுனாக."

"வெளிச்சம் நல்லாத்தான் அடிக்கும். ஆனா டியூப்பு தாங்காது, ஓரமெல்லாம் கருத்துப்போயிரும். மூடுன பெட்டிக்குள்ள சூடு போகவும் வழியில்ல, வயரெல்லாம் கருகிருச்சு பாருங்க. ஐயா தெரியாம மாட்டியிருப்பாக."

தெரியாமலா? நீங்களா? அவனுக்கு எப்படித் தெரியும், அவன் அப்போது பிறக்கவே இல்லை.

யுத்த காலத்தில் திருச்சுழியில் நாம் குடித்தனம் வைத்த புதிது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. அருப்புக்கோட்டை பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிளறிவிடுவது உங்கள் வேலை. புகையில் கண் சிவந்து வீட்டுக்கு வருவீர்கள். நான் டீச்சர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேறினால் சர்ச் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். மண்ணெண்ணெய் ரேஷன் கார்டுக்கு அளந்துதான் கிடைக்கும். இருந்த ஒரே சிம்னி விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். எழுத்து தெரியவில்லை, கண் வலிக்கிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாளே எங்கேயோ உடைந்துகிடந்த பெரிய விளக்கின் பர்னரைக் கொண்டுவந்தீர்கள். அது நம் விளக்கின் கழுத்தில் உட்காரவில்லை. தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கினீர்கள். அகலத் திரி. வெளிச்சம் சுவரெல்லாம் அடித்தது. விடிந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கக் கரி.

"பொருந்தாத பர்னரை எதுக்குங்க மாட்டுனீக? கண்ணாடி கருக்குது, எண்ணெயா குடிக்குது" என்று சண்டைக்கு வந்தேன்.

"எரியுதுல்ல, பெறகென்ன?"

குடிக்கிற எண்ணெயை ஈடுகட்ட நீங்கள் முற்றத்து இருட்டில் உட்கார்ந்து கூழ் குடித்தீர்கள். விளக்கைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டால், "எனக்கு வாய் எங்க இருக்குன்னு தெரியும். நீ படி புள்ள" என்பீர்கள். அந்த வெளிச்சத்தில்தான் நான் தேறினேன்.

பிற்பாடு மீன் தொட்டி டியூப் அடிக்கடி கருத்துப்போனபோதும் நான் கேட்டேன். அதே பதில்தான் வந்தது: "எரியுதுல்ல, பெறகென்ன?"

இடுப்பெலும்பு முறிந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம் அது. காபி போட்டுக் கொண்டுவருவீர்கள். பாதி தரையில் இருக்கும். கை நடுங்குது என்பீர்கள். பேப்பரை என்னிடம் நீட்டி, "டீச்சர் வாசிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்பீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அசடு மாதிரி.

தொட்டியில் சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று என்று இரண்டு மீன்கள். கருப்பு ஆடி மாசம் செத்துப்போனது. வேலைக்கு வருகிற பெண் எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்னாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறமும் நீங்கள் தொட்டி முன்னால் உட்கார்ந்து எனக்குக் குரல் கொடுப்பீர்கள்: "கருப்பு இன்னைக்கு ஒரு சுத்து சுத்துது பாரு புள்ள!" படுத்திருக்கிறவளைச் சிரிக்க வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். "அதுக்கென்ன, ராசா மாதிரி சுத்தட்டும்" என்று நானும் பதிலுக்குச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் தை மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவரைக்கும் அந்தக் கருப்பு மீன் நம் வீட்டில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மாரியப்பன் கையில் அந்தச் சோக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்குக் கண் தெரியவில்லை. அந்தப் பளீர் வெளிச்சத்துக்கு முன்னால் ஏதோ அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் நான் இடுப்பை மறந்துவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவேன் என்று பயந்து, வாயைத் திறக்காமல் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அன்றைக்கு எனக்குக் கண் வலிக்கிறது என்று நான் சொன்னேனே, நீங்கள் ஏன் சொல்லவில்லை? மாரியப்பன் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அவன் பதறிப்போனான். "ஐயா நெனப்பா இருக்கட்டும்னா நாப்பதே வாங்கிப் போட்டுர்றேன் டீச்சரம்மா. வயர மட்டும் மாத்திக்கிருவோம்."

"வேண்டாம்ப்பா, சரியானதையே போடு. இனிமே பாக்கப்போறது நான்தானே. என் கண்ணுக்கு இருபது போதும்."

மாட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளிச்சம் குறைவுதான், ஆனால் சிமிட்டல் இல்லை. செதில்கூட எனக்குத் தெரிகிறது. நீங்கள் எனக்குக் குரல் கொடுத்த அதே இடத்திலிருந்து, யாருமில்லாத வீட்டில், உங்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னேன். நாளைக்கும் சொல்வேன்.

"சிவப்பு மேல வந்துருக்குங்க. கருப்பு இல்ல. அது ஆடியிலேயே செத்துப்போச்சு."